பிரெஞ்சுக்காரரின் கல்லும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும்

எங்கள் கொம்யூனில் ஒரு கல் இருக்கிறது. கொம்யூன் என்பது இங்கே ஊராட்சி. குப்பை எடுக்கும் கிழமையிலிருந்து யாரைச் சுவிஸ் பிரஜையாக ஏற்கலாம் என்பதுவரை எல்லாவற்றிலும் அதற்கு ஒரு கை உண்டு. லொசானுக்குப் பக்கத்து ரெனானிலிருந்து பஸ் பிடித்து மேட்டுக்கு ஏறினால், தேவாலயத்துக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே அந்தக் கல் கிடக்கும். ஒரு யானையளவு என்று சொல்லலாம், ஆனால் பாதி யானை. மற்றப் பாதியை அந்தக் காலத்து மேசன்மார் உடைத்து ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கும் தேவாலயப் படிக்கும் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சிய பாதியில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சரியாக உச்சரிக்கப் பழக எனக்கு ஒரு குளிர்காலம் முழுதும் பிடித்தது. இனி அதை மறக்க எனக்கு உரிமை உண்டு.

அவர் இருநூறு வருஷத்துக்கு முந்திய ஆள். பாரிஸில் அரசரின் சுரங்கப் பள்ளியில் படித்த எஞ்சினியர். பூமிக்கடியில் என்ன கிடக்கிறது என்று ஆராயும் படிப்புக்கு அப்போது உறுதியான ஒரு பெயர்கூட இல்லை. சுத்தியலும் கையுமாக மலைகளில் திரிகிறவரைக் கண்டால் நாய்கள் குரைக்கும், காவலாளிகள் விசாரிப்பார்கள். புரட்சி வந்தபோது, அரசரிடம் சம்பளம் வாங்கியவர்கள் தலை தப்பினால் போதும் என்று ஓடினார்கள். இவரும் ஜூரா மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கி, எங்கள் ஊரில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தார். ஓடைக்கு மேல் ஒரு பாலம் கட்டிக் கொடுத்தார். உப்பு ஊற்றுத் தேடினார். மற்ற நேரமெல்லாம் அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அவர் கேட்டது ஒரே கேள்விதான். இந்த மேட்டு நிலம் முழுவதும் மணற்கல். இது கருங்கல். சுற்றுவட்டாரத்தில் எங்கும் கருங்கல் மலை கிடையாது. அப்படியானால் இது எங்கிருந்து, எப்படி வந்தது? ஊரார் தலைமுறை தலைமுறையாக அதில் ஆடு கட்டியிருக்கிறார்கள், உடைத்து வீடு கட்டியிருக்கிறார்கள். யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்ததில்லை.

இதெல்லாம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் கரட் சீவுகிற எனக்கு எதற்கு? குடியுரிமைக்குத்தான்.

எங்கள் வீட்டில் அப்போது நான் ஒருத்திதான் வெளிநாட்டுக்காரி. என் கணவர் எனக்கு முன்னமே விண்ணப்பித்தார். பிள்ளைகளும் அவருடைய விண்ணப்பத்தில் சேர்ந்துகொண்டார்கள். "என்ர பிரெஞ்சு காணாது, நீங்கள் முதலிலை போங்கோ" என்று நான் ஒதுங்கினேன். அவர்கள் மூவரும் சிவப்புப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதைக் காட்டி உலகமெல்லாம் சுற்றலாம், இலங்கையைத் தவிர. எனக்கோ உலகத்தில் போகவேண்டிய இடம் அது ஒன்றுதான்.

அங்கே என் அக்கா இருக்கிறா. அம்மா இல்லாத வீட்டில் என்னைத் தூக்கி வளர்த்தவ. எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவதான், பள்ளிக்கூடம் போகாமல் ஒளித்திருந்த நாளில் அடித்ததும் அவதான். நான் வெளிக்கிட்டு வந்தபிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் காணவில்லை. சுவிஸுக்குக் கூப்பிடலாம் என்று பார்த்தால், திரும்பிப் போவாவோ தெரியாது என்று விசா மறுத்துவிட்டார்கள். 2009இல் சண்டை முடிந்தது. என் கணவரும் பிள்ளைகளும் பிறகொரு கோடை விடுமுறைக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு, மாங்காய் ஊறுகாயும் போட்டோக்களும் கொண்டுவந்தார்கள். போட்டோவில் அக்கா கமராவைப் பார்க்காமல் பக்கத்திலிருந்த வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"ஏன் அங்கை பாக்கிறா?" என்று கேட்டேன்.

"சீனி வருத்தமாம். கண்ணுக்குள்ளை இறங்கிட்டுதாம். உம்மட்டைச் சொல்லவேண்டாம் எண்டவ" என்றார் கணவர்.

அன்று மாலையே போன் எடுத்தேன். அக்கா மழுப்பவில்லை. "டொக்டர் சொல்லிப்போட்டார், மெல்ல மெல்லமாப் போகுமாம். முழுக்கப் போக முந்தி உன்னை ஒருக்காப் பாக்கவேணும். எப்ப வாறாய்?" என்றா. வாறன் அக்கா, கெதியா வாறன் என்று சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமையே மாஸ்டரின் டியூஷனில் போய்ச் சேர்ந்தேன்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே ரயில்பெட்டி கழுவுகிறார். ஆனால் சனிக்கிழமை பின்னேரங்களில் ரெனானில் ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, மறுபடியும் மாஸ்டராகிவிடுவார். குடியுரிமை நேர்முகத்துக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பு. நாங்கள் உலகத்தில் எங்கே போனாலும் பரீட்சை என்று ஒன்று இருந்தால் அதற்கு டியூஷன் என்று ஒன்று இருக்கும். பிரெஞ்சுக்காரரின் சுரங்கப் பள்ளிக்குக்கூட எங்கள் ஆட்கள் யாராவது போயிருந்தால், சுரங்கத்துக்குள்ளேயே ஒரு டியூஷன் தொடங்கியிருக்கும்.

அவருடைய முறை மிகவும் எளியது. கொம்யூனில் நேர்முகம் முடித்துவிட்டு ஒரு தமிழர் வெளியே வந்தால், மாஸ்டர் பஸ் தரிப்பிடத்தில் குடையோடு நிற்பார். "என்ன கேட்டவங்கள்? நீர் என்ன சொன்னனீர்? அதுக்கு அவன்ர முகம் எப்பிடிப் போச்சுது?" அந்த ஆள் வியர்வை துடைக்க முன்னமே எல்லாவற்றையும் கறந்துவிடுவார். பிறகு கேள்விகளைத் திரட்டி, மாதிரி விடை எழுதி, எங்களுக்குப் பாடமாக்கத் தருவார். விடைகள் பிரெஞ்சில், எழுத்துத் தமிழில். "இந்த வருஷம் ஏரியைப் பற்றி வராது, போன வருஷம் வந்திட்டுது. கல்லு கட்டாயம் வரும்" என்று ஆரூடமும் சொல்வார்.

கல்லைப் பற்றிய விடை ஒன்றரைப் பக்கம். பிரெஞ்சுக்காரர் பிறந்தது, படித்தது, ஓடிவந்தது, ஓடைக்குப் பாலம் கட்டியது, கல்லைக் காப்பாற்றியது என்று குளிசை விழுங்குவதுபோல் ஒவ்வொன்றாக விழுங்கினோம். மேசன்மார் மிச்சக் கல்லையும் உடைக்க வந்தபோது அவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். அந்த இடத்தில் குரலை உயர்த்தவேண்டும் என்று மாஸ்டர் குறித்திருந்தார். நாங்கள் உயர்த்தினோம்.

அந்த விடையைவிடப் புகழ்பெற்றது இன்னொன்று. "ஓய்வு நாளில் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கானது. "ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு கல்லடிக்கு நடந்துபோவோம். அந்தப் பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்." இதை முதன்முதலாகச் சொன்னவர் வேறு யாருமல்ல, என் கணவர்தான். ஞாயிறு மத்தியானம்வரை போர்வைக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டாத மனுசன், நேர்முகத்தில் பயந்துபோய், சுவரில் தொங்கிய கல்லின் படத்தைக் கண்டு வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். பாஸாகிவிட்டார். பஸ் தரிப்பிடத்தில் நின்ற மாஸ்டர் அதைப் பொன்னெழுத்தில் பதிந்துகொண்டார். அன்றிலிருந்து எங்கள் கொம்யூனில் விண்ணப்பித்த ஒவ்வொரு தமிழரும் ஞாயிறுதோறும் கல்லடிக்குப் போகத் தொடங்கினார்கள், நேர்முக மேசையில் மட்டும்.

என் முறை வந்தது. நீள மேசைக்குப் பின்னால் நாலைந்து பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். யாரைப் பார்த்தாலும் வாயைத் திறக்கச் சொல்லப்போகிறவர்போலவே பார்ப்பார். மாநிலங்கள் எத்தனை, சட்டம் யார் இயற்றுவது எல்லாவற்றுக்கும் சொன்னேன். கல் வந்தது. ஒன்றரைப் பக்கத்தையும் மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். உயர்த்த வேண்டிய இடத்தில் குரலையும் உயர்த்தினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள், மதாம்?" என்றார் தலைவர்.

சொன்னேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "மதாம், கல்லின் நண்பர்கள் சங்கத்துக்கு நான்தான் தலைவர். மழையோ பனியோ, ஞாயிறு தவறாமல் என் நாயோடு அங்கே போகிறேன். உங்கள் நாட்டவர்கள் பலர் இந்த மேசையில் இதே பதிலைச் சொல்லிவிட்டார்கள். இதே சொற்களில். அங்கே நான் ஒரு தமிழரையும் கண்டதில்லை. என் நாயும் கண்டதில்லை."

பாடமாக்கியதில் அதற்கு விடை இல்லை.

ஊர் வாழ்க்கையோடு போதிய பிணைப்பு இல்லாததால் ஒரு வருஷம் தள்ளிவைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. ஒரு வருஷம் என்பது கொம்யூனுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் ஒரு கல்லையே இருநூறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அக்காவின் கண்ணுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"கல்லைப் பற்றியோ கேட்டவங்கள்?" அக்காவால் நம்ப முடியவில்லை. "நீ அரிசியிலை கல்லுப் பொறுக்கவே பஞ்சிப்பட்டனீ. உன்னட்டைப் போய் ஏன் கேக்கிறாங்கள்?"

நான் சிரித்தேன். அவவும் சிரித்தா. பிறகு, இப்போது ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று சொன்னா. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

டியூஷனில் ஒரே கொந்தளிப்பு. மாஸ்டர்மேல் பாய்வார்கள் என்று நினைத்தேன். மாஸ்டர் அசையவில்லை. "விடையிலை பிழையில்லை. நாங்கள் போகாமல் விட்டதுதான் பிழை. வாற ஞாயிறிலையிருந்து எல்லாரும் போறம். அவர் காணவேணும், நாயும் காணவேணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

போனார்கள். முதல் ஞாயிறு இரண்டு குடும்பம். அடுத்த ஞாயிறு எட்டு. பிறகு விண்ணப்பிக்காதவர்களும், எதிர்காலத்தில் விண்ணப்பிக்க உத்தேசம் உள்ளவர்களும், லொசானிலிருந்து விருந்துக்கு வந்தவர்களும் போனார்கள். சும்மா போய் ஒரு கல்லைப் பார்த்துவிட்டு வர எங்கள் ஆட்களுக்கு மனம் வருமா? பாய் விரித்தார்கள். ரோல்ஸ், வடை, பிளாஸ்கில் தேத்தண்ணி. பட்மின்டன் வலை. ஒரு ஐயா கல்லைக் கண்டதும் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றினார். "அண்ணை, இது எஞ்சினியற்றை கல்லு" என்று யாரோ சொல்லித் திரும்பப் போடவைத்தார்கள். தலைவர் நாயோடு வந்தால் எல்லாரும் வரிசையில் எழுந்து ஒரே குரலில் "பொன்ஜூர்" சொன்னார்கள். நாய்க்கும் தனியாகச் சொன்னார்கள். ஆரம்பத்தில் தலைவருக்கு வாயெல்லாம் பல். ஒரு மாதத்தில் நாய்க்கு ரோல்ஸ் தின்று வயிறு ஊதிவிட்டது. இரண்டு மாதத்தில் அவர் வேறு பாதையால் வரத் தொடங்கினார்.

இதற்குள் கல்லின் நண்பர்கள் சங்கத்தில் சேர எங்கள் ஆட்கள் கூட்டமாக விண்ணப்பித்தார்கள். சுவிஸ்காரர் மூன்று பேர் சந்தித்தால் ஒரு சங்கம் வைப்பார்கள். எங்கள் ஆட்கள் மூன்று பேர் சந்தித்தால் இரண்டு சங்கம் வைப்பார்கள். கல்லடித் தமிழர் ஒன்றியம் என்று ஒன்று உருவாகி, தலைவர் பதவிக்காக அடுத்த மாதமே உடைந்தது. பிறகு ஒரு பகுதி கல்லுக்குக் கிழக்கே பாய் விரித்தது, மறு பகுதி மேற்கே. அந்தக் கல் பூமியில் எத்தனையோ அதிர்ச்சிகளைக் கண்டிருக்கும். இது அதற்குப் புதிது.

நான் போகவில்லை. எனக்குக் கோபம். மாஸ்டர்மேல், கணவர்மேல், பல் வைத்தியர்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பிரெஞ்சுக்காரர்மேல். ஓடிவந்த மனுசன் வந்த இடத்தில் தன் பாட்டில் இருந்திருக்கலாமே. ஒரு கல்லைப் பார்த்துக் கேள்வி கேட்டு, இருநூறு வருஷம் கழித்து என் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் அதை உருட்டிவிட்டாரே.

ஒரு வியாழக்கிழமை, முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலை விட்டதும், அந்தக் கோபத்தோடுதான் கல்லடிக்குப் போனேன். என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமான பொருளை ஒருமுறையாவது நேரில் பார்த்துத் திட்டவேண்டும் என்று நினைத்தேன். மழை தூறியது. ஆள் அரவமில்லை. கல்லுக்கு எதிரில் உட்கார ஒரு மர வாங்கு, நடுப்பலகை உடைந்து கிடந்தது. பக்கத்தில் சங்கத்தார் நட்டு வைத்த பெரிய விளக்கப் பலகை. மாஸ்டர் உட்பட எங்கள் ஆட்கள் ஒருவராவது அதை வாசித்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பார்கள். நான் வாசித்தேன், ஒவ்வொரு சொல்லாக, புரியாதவற்றைப் போனில் தேடித் தேடி.

அவர் கட்டிய பாலம் இரண்டாம் வசந்தத்திலேயே வெள்ளத்தோடு போய்விட்டது. இது ஒன்றரைப் பக்கத்தில் இல்லை. உப்பு ஊற்று அகப்படவில்லை. இதுவும் இல்லை. கல் எப்படி வந்தது என்ற கேள்விக்கு, ஆதியில் ஒரு மகா பிரளயம் வந்து உயர்ந்த மலைகளிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தது என்று அவர் எழுதினார். பிழை. பின்னால் வந்தவர்கள்தான், ஒரு காலத்தில் இந்த நாடு முழுவதையும் பனியாறுகள் மூடியிருந்தன, அவைதான் கல்லைச் சுமந்துவந்து இங்கே இறக்கிவிட்டு உருகிப்போயின என்று கண்டுபிடித்தார்கள். ஆக, பாலமும் பிழை, விடையும் பிழை. கேள்வி மட்டும்தான் சரி.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அப்போது இந்தப் பகுதியை ஆண்டவர்கள் பெர்ன் பிரபுக்கள். பிரெஞ்சுக்காரர் இங்கே இருந்தது சகிப்பு அனுமதியில். அதை அவர் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கவேண்டும். அனுமதி கேளாமல் எல்லை தாண்டக் கூடாது. ஊர்ப் பிரஜையாக ஏற்கும்படி கொம்யூனுக்கு மனுக் கொடுத்தார். ஊரில் ஏற்கனவே போதிய அந்நியர் இருக்கிறார்கள் என்று கொம்யூன் மறுத்துவிட்டது. வாடகை அறையிலேயே செத்துப்போனார்.

நான் மழையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். ஆள் எஃப் பெர்மி! சகித்துக்கொள்கிறோம், ஆனால் பெட்டியை அவிழ்க்காதே என்று இங்கே கொடுப்பார்களே ஒரு விசா, அதேதான். நானும் பல வருஷம் அதில்தான் இருந்தேன். முதல் தடவையாக அந்த மனுசன்மேல் எனக்குப் பாசம் வந்தது. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் போவது வழக்கமாகிவிட்டது. திட்டுவதற்குப் போய், மெல்ல மெல்ல உறவினர் வீட்டுக்குப் போவதுபோல் ஆகிவிட்டது. உறவினர் வீடென்றால் குறையும் கண்ணில் படும். வாங்கு உடைந்தபடியே கிடந்தது. தகட்டில் பச்சை படிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குப்பை போட ஒரு தொட்டி இல்லாமல் கடதாசிக் கோப்பைகள் பற்றைக்குள் கிடந்தன. நான் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து முதியோர் இல்லத்துக் குப்பையில் போட்டேன்.

ஒரு வருஷம் கழிந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அதற்குள் அக்காவுக்கு வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். ஆள் வந்து வாசலில் நின்றால் ஆள் என்று தெரியும், யார் என்று தெரியாது. அதே மேசை, அதே தலைவர். இந்தத் தடவை பல் வைத்தியரின் முகத்தில்தான் பயம் இருந்தது.

"மதாம்," என்று தயங்கினார், "ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள்..."

"கல்லடிக்குப் போவதில்லை, மெஸ்ஸியூ" என்றேன். "ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரே தமிழர் கூட்டம். நான் வியாழக்கிழமையில் போகிறேன்."

அவருக்கு மூச்சு வந்தது. மாஸ்டர் தந்த புதுப் பதில்கள் எல்லாம் தலைக்குள் வரிசையாக நின்றன. ஒன்றும் சொல்லப் பிடிக்கவில்லை. என் பொல்லாத வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

"அந்த வாங்கு ஒரு வருஷமாக உடைந்து கிடக்கிறது. கொம்யூன் என்ன செய்கிறது? குப்பைத் தொட்டி இல்லை. தகட்டில் பெயர் தெரியவில்லை. அவருக்கு உயிரோடு இருந்தபோது பிரஜாவுரிமை கொடுக்கவில்லை, செத்தபிறகு தகடு வைத்தீர்கள், அதையாவது துடைக்கக் கூடாதா? அவர் கட்டிய பாலம் விழுந்தது, சொன்ன விடை பிழை. இந்த மேசையில் இருந்திருந்தால் நீங்கள் அவரைப் பாஸாக்கியிருக்க மாட்டீர்கள். எனக்குத் தகடு வேண்டாம். என் அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. நான் போய் அவ முன்னால் நிற்கவேண்டும். அதற்குத்தான் வந்திருக்கிறேன். கல்லுக்காக வரவில்லை."

எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

பிறகு ஓரத்தில் இருந்த பெண்மணி தொண்டையைச் செருமினார். "வாங்கு விஷயத்தில் மதாம் சொல்வது சரி. நான் இதுபற்றி எத்தனையோ தடவை எழுதிவிட்டேன்."

"வாங்கு கொம்யூனுடைய பொறுப்பல்ல, சங்கத்தினுடையது" என்றார் இன்னொருவர்.

"சங்கம் தகட்டை மட்டும்தான் பொறுப்பேற்றது. பொறுப்பேற்ற காலத்தில் வாங்கே இல்லை!" என்றார் தலைவர், கழுத்தெல்லாம் சிவந்து.

குப்பைத் தொட்டிக்கு வந்தபோது சத்தம் இன்னும் கூடியது. தொட்டி வைத்தால் நரி வரும் என்று ஒருவர். ஏற்கனவே ரோல்ஸ் வாசத்துக்கு நரி வந்துவிட்டது என்று இன்னொருவர். நான் ஒருத்தி அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். கடைசியில் பெண்மணிதான் என்னைக் கண்டு, "நன்றி மதாம், நீங்கள் போகலாம்" என்றார்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. ஊர் வாழ்க்கையோடு முழுமையாக ஒன்றிவிட்டதாக ஏகமனதாக முடிவாம். பாலர் வகுப்புப் பிரெஞ்சில் ஒன்றரைப் பக்கம் புகழ்ந்தபோது நான் அந்நியை. குப்பைத் தொட்டி இல்லை என்று கத்தியபோது அவர்களில் ஒருத்தி. இத்தனை வருஷம் எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் நின்ற மாஸ்டருக்கு நான் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அது என் முட்டாள்தனம். அடுத்த தொகுதியில் போன அத்தனை தமிழரும், "ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரே தமிழர் கூட்டம், நான் வியாழக்கிழமையில் போகிறேன்" என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்கு அதற்குள் திருத்தப்பட்டிருந்தது. அது உடைந்து கிடப்பதாகவும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கொம்யூன் முடிந்தால் மாநிலம், மாநிலம் முடிந்தால் தலைநகர் பெர்ன். ஒவ்வொரு மேசையும் தன் பங்கு மாதங்களை எடுத்துக்கொண்டது. கடைசியில் ஒரு மண்டபத்தில் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். சிவப்புப் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. என் கணவர் படம் எடுத்தார், பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அதைத் திறந்து பார்க்கவும் பொறுமையில்லை. முதலில் கிடைத்த டிக்கெட்டை எடுத்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரண்டு வரிசைகள் இருந்தன. நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று. நான் வெளிநாட்டவர் வரிசையில், வெயில் காயப் போகும் சிவந்த மனிதர்களுக்குப் பின்னால் நின்றேன். அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, வந்த நோக்கம் என்ன, சுற்றுலாவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பிறந்த யாழ்ப்பாணம் அந்தப் பக்கத்தில் இல்லை, பூர்வீக ஊர் என்ற இடத்தில் எங்கள் கொம்யூனின் பெயர்தான் இருந்தது. ஓம் என்று தலையாட்டினேன். விமானத்தில் நிரப்பிய வருகைப் படிவத்திலும் வேறு கட்டம் ஒன்றும் எனக்குப் பொருந்தவில்லை. முத்திரை குத்தினார்.

விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றிவந்த வான் யாழ்ப்பாணத்து வீட்டு வாசலில் நின்றபோது அக்கா ஏற்கனவே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. தலை முழுக்க வெள்ளை. கண் திறந்துதான் இருந்தது. என் தோளுக்கு மேலால் எங்கோ பார்த்தது. நான் பிந்திவிட்டேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பினா. இப்படித் திருப்பினா, அப்படித் திருப்பினா.

"தெரியேல்லை," என்றா. "கதைச்சுக் காட்டு. ஏதாவது கதை."

எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் கதைத்த எனக்கு ஒரு சொல் வரவில்லை. அழுகைதான் வந்தது. அந்தச் சத்தத்தில் அவ என்னை அடையாளம் கண்டா போல. கையை எடுக்காமல் கேட்டா:

"எத்தினை நாளுக்குப் பிள்ளை விசா தந்தவங்கள்?"

"முப்பது நாள், அக்கா" என்றேன். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.